நீங்க இல்லாத படம்

சனிக்கிழமை பங்கோர் போய் வந்தோம்.
திங்கள் காலைக்குள்
ஊத்தான் மெலிந்தாங் முழுக்க
எங்கள் கடல் பரவிவிட்டது.

ஆ ஹெங் கடையில் பசியாறும்போது
நாகேந்திரன் குழம்பு படாத விரலால்
கைப்பேசியைத் தள்ளித் தள்ளிக் காட்டினான்:
படகு, படகின் கயிறு,
படகில் வாந்தியெடுத்த மச்சான்,
மறுபடி படகு.
"இது அலை" என்றான்.
சாம்பல் நிறத்தில் என்னவோ இருந்தது.
அலைதான் என்று ஒத்துக்கொண்டோம்.

குணவதி அக்கா கையிலிருந்த வாழைப்பழத்தை
இருவாச்சி பிடுங்கிக்கொண்டு போனதாம்.
ஞாயிற்றுக்கிழமை சொன்னபோது ஒரு பறவை.
திங்கள் காலை மூன்று.
மாலைக்குள் அக்கா விரலில் ஒரு பிளாஸ்டர்.

என்னிடம் நூற்றுப் பதினேழு படங்கள்.
ஒரே சட்டை, ஒரே சிரிப்பு,
வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்த ஒரே மூச்சு.
பின்னால் இடம்தான் மாறிக்கொண்டிருந்தது.

எடை மேடைக்கு லோரி வர நேரமிருந்தது.
குலைக் கணக்குச் சிட்டையை மூடிவிட்டு
ஷஃபிகுலிடம் நீட்டினேன்.
செம்பனைக் குலை வெட்டுகிறவன்.
வந்து நான்கு வருடம்.
அவன் பார்த்த மலேசியா
இருபத்திரண்டாம் நம்பர் காடும்
சம்பள நாளில் தெலுக் இந்தானும்.
அங்கே அந்தச் சாய்ந்த கோபுரம்
பஸ் ஜன்னலிலிருந்து
நேராகத்தான் தெரிந்ததாம்.

ஒவ்வொரு படத்தையும் விரித்துப் பெரிதாக்கினான்.
என் முகத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டு
தோளுக்கு மேல் இருந்த நீலத்தைப் பார்த்தான்.
காய்ந்துகொண்டிருந்த நெத்திலியைப் பார்த்தான்.
பிறகு மெதுவாக,
பாதி மலாய் பாதி தமிழில்,
"அண்ணே, நீங்க இல்லாத படம்
ஒன்னு இருக்கா?"

இருந்தது.
தவமலர் என்னை எடுக்கப் போய்
விரல் தவறி விழுந்தது.
மணல், கொஞ்சம் தண்ணீர்,
ஓரத்தில் யாருடையதோ ஒற்றைச் செருப்பு.
அழிக்க மறந்திருந்தேன்.
அனுப்பிவைத்தேன்.

வியாழன் காலை
ஓவர்டைம் கணக்குக் கேட்பவன்போல
என் மேசையருகே வந்து நின்றான்.
அவன் மனைவி கேட்கிறாளாம்,
தண்ணீர் சூடா, குளிரா?
அவன் ஏன் படத்தில் இல்லை என்று
அவள் கேட்கவில்லை.
எடுத்ததே நான்தான் என்று
முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறான்.

சூடா, குளிரா?
நூற்றுப் பதினேழு படம்.
தண்ணீரில் கால் வைத்த ஞாபகமே இல்லை.
சப்பாத்து புதுசு.

"பதினோரு மணிக்கு வெதுவெதுப்பு,
உள்ளே போகப் போக ஜில்லுனு இருக்கும்"
என்று அடித்துவிட்டேன்.
பழைய சிட்டையின் முதுகில்
வங்காளத்தில் எழுதிக்கொண்டான்.
"அந்தச் செருப்பு யாரோடதுன்னும் கேட்டா, அண்ணே."
"உன்னோடதுன்னு சொல்லு."
"ரோஸ் கலரு, அண்ணே."

இரண்டு பேரும் சிரித்ததில்
லோரி வந்து ஹாரன் அடித்தது காதில் விழவில்லை.

அவனே ஒரு பதில் சொல்லிக்கொண்டான்போல.
சம்பள நாளில் தெலுக் இந்தானிலிருந்து
ரோஸ் செருப்பு ஒரு ஜோடியோடு வந்தான்.
எட்டு வெள்ளி.
"உனக்கு வாங்கினதுதான், கரையில கழட்டி வெச்சு
படம் புடிச்சேன்னு சொல்லிட்டேன்."
ஊருக்குப் போகும் ஒருவனின் பெட்டியில்
சட்டைகளுக்கு நடுவே அது போனது.

பொய்தான்.
ஆனால் அளவு சரியாக இருந்ததாம்.

இரண்டு மாதம் கழித்து
எனக்கு ஒரு படம் வந்தது.
ஆற்றங்கரைச் சேறு,
கவிழ்த்து வைத்த ஒரு தோணி,
ஓரத்தில் ஜோடியாக ரோஸ் செருப்பு.
ஆள் யாரும் இல்லை.

ஆ ஹெங் கடையில் நாகேந்திரன்
எட்டிப் பார்த்து,
"எந்தத் தீவு இது?" என்றான்.
"நாங்க இன்னும் போகல" என்றேன்.

வீட்டில் தவமலர்
படத்தை விரித்தாள், சுருக்கினாள்,
மறுபடி விரித்தாள்.
"தண்ணி எப்படி இருக்குமாம்?"

வாய்வரை வந்துவிட்டது
அதே வெதுவெதுப்பு.

"தெரியல" என்றேன்.
"நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்."